ப்ளூஸ் சோலோ: 9-வது பாரில் சிக்கல், வழி சொல்லுங்க

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கிட்டார் வாசிக்கிறவங்க யாராவது உதவுங்க.

ஏ ஸ்கேலில் 12 பார் ப்ளூஸ் (ஒரு பார்னா 4 பீட் கொண்ட தாளச் சுற்று), ஷஃபிள் தாளம் (நீளம், குட்டைன்னு துள்ளுற நடை), நிமிஷத்துக்கு 70 பீட். முதல் 4 பார் ஏ7 கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்), அடுத்த 2 டி7, திரும்ப 2 ஏ7, பிறகு இ7, டி7, ஏ7, இ7 ஒவ்வொரு பார். 5-வது ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு மாதிரி) ஏ மைனர் பென்டடானிக், அதாவது 5 ஸ்வர ஸ்கேல், கை பழகிடுச்சு. ஏ7 வரும்போது 3-வது தந்தியில் 5-லிருந்து 6-க்கு ஹேமர் பண்ணினா (திரும்ப மீட்டாம விரலைத் தட்டி வச்சா), சி நோட் சி ஷார்ப் ஆகி கார்டோட ஒட்டிக்குது. டி7-க்கு 2-வது தந்தி 7-வது ஃப்ரெட், எஃப் ஷார்ப். இதுவரை சரி.

9-வது பாரில்தான் சிக்கல். இ7-ஓட ஜி ஷார்ப் 4-வது தந்தி 6-வது ஃப்ரெட்டில் இருக்கு. மேல் தந்திகளில் ஓடுற லிக்கிலிருந்து (சின்ன ஸ்வர வாக்கியம்) அங்கே இறங்கினா வாக்கியம் அறுந்துபோகுது. 2-வது தந்தி 9-வது ஃப்ரெட்டில் எடுத்தா கை இடம் மாறணும், அடுத்த டி7-க்குத் தாமதமாகுது. நீங்க எந்த வழியில் போறீங்க? 2 பார் அளவுக்கு ஒரு லிக், தந்தி எண், ஃப்ரெட் எண்ணோட எழுதினா போதும்.

இன்னொண்ணு, பெண்ட், அதாவது தந்தியை இழுத்துச் சுருதி ஏத்துறது. 3-வது தந்தி 7-வது ஃப்ரெட்டை முழு ஸ்வரம் இழுத்தா 2-வது தந்தி 5-வது ஃப்ரெட்டோட சுருதி சேரணும். கொஞ்சம் குறைவாவே நிக்குது. தந்தி 10 கேஜ் (முதல் தந்தி தடிமன் 0.010 அங்குலம்). ஒரு விரலால் இழுக்காம, மோதிர விரலுக்குப் பின்னால் இரண்டு விரலைத் துணைக்கு வச்சும் இதே கதி. காரைக்குடி வீணைக்குப் பேர் போன ஊர். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறவங்க, சுருதி தவறாம நிறுத்தச் செய்ற பயிற்சியைச் சொன்னாலும் பெரிய உதவி.