கச்சி கோழி பிரியாணி: அடி கருகுகிறது, மேல் சோறு வேகவில்லை. தவறு எங்கே?

கேள்வி:

வணக்கம். மசாலாவில் ஊறிய பச்சைக் கோழியின்மேல் முக்கால் வேக்காட்டுச் சோற்றைப் பரப்பித் தம் போடுகிற ஐதராபாத் கச்சி முறையில் மூன்று முறை பிரியாணி செய்து பார்த்தேன். மூன்று முறையும் ஒரே குறைதான். ஒரு கிலோ கோழிக்கு ஒரு கிலோ பாஸ்மதி அரிசியும் கால் கிலோ தயிரும் எடுத்துக்கொள்கிறேன். கோழியை முந்தைய இரவே ஊறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் முக்கால் வேக்காடு வந்ததும் வடித்து, தட்டில் ஆறவிட்டு, பிறகு கோழியின்மேல் பரப்புவேன். மூடியின் விளிம்பில் கோதுமை மாவைப் பூசி அடைத்து, தொடக்கத்திலிருந்தே சிறு தீயில் 40 நிமிடம் வைக்கிறேன்.

திறந்து பார்த்தால், அடியில் வெங்காயமும் மசாலாவும் கருகி ஒட்டியிருக்கின்றன. கோழியைத் தொட்டிருக்கும் சோறு குழைந்துபோகிறது. மேல் சோறோ நடுவில் கடிபடுகிறது. தொடைக்கறியைப் பிரித்தால் எலும்பருகே இளஞ்சிவப்பாக இருக்கிறது. சென்ற வாரம் விருந்துக்கு வந்தவர்களுக்கு அதைப் பரிமாற மனம் ஒப்பாமல், கறியைத் தனியே வேறு சட்டியில் மீண்டும் வேகவைத்துத்தான் இலையில் வைத்தேன். எந்த இடத்தில் தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் மறுமொழி:

அம்மா, உங்கள் அளவுகளில் குறை இல்லை. சூட்டில்தான் குறை இருக்கிறது. தம்மில் சோற்றை வேகவைப்பது கோழியும் தயிரும் விடுகிற நீரிலிருந்து எழும் ஆவி. நீங்களோ குளிர்ந்த கோழியின்மேல் ஆறிய சோற்றைப் போட்டுச் சிறு தீயில் வைக்கிறீர்கள். அந்த 40 நிமிடத்தில் பெரும்பகுதி பாத்திரம் சூடேறுவதற்கே போய்விடுவதால், ஆவி மேலே வந்து சேரும் முன்பே நேரம் முடிந்துவிடுகிறது. அடியோ அவ்வளவு நேரமும் தீயை நேரே வாங்கிக்கொண்டிருக்கிறது.

கோழியை அடுப்பேற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். அரிசியைத் தட்டில் ஆறவிடாமல், கொதிக்கும் நீரிலிருந்து அரிகரண்டியால் அள்ளி, நீர் சொட்டியதும் நேரே கோழியின்மேல் போடுங்கள். மூடி அடைத்தபின் முதலில் பெருந்தீயில் வைத்து, மூடியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். அது பரவி நின்றால் இன்னும் ஆவி ஏறவில்லை. சுர்ரென்று சுருங்கி மறைந்தால் ஏறிவிட்டது. என் அடுப்பில் இதற்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். அதன்பின் பாத்திரத்தின்கீழ் காய்ந்த தோசைக்கல்லைக் கொடுத்து, சிறு தீயில் 25 நிமிடம் வைத்து, அணைத்தபின் கால் மணி நேரம் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

பொரித்த வெங்காயத்தில் இனிப்பு இருப்பதால் அதுதான் முதலில் கருகும். அதை முழுவதும் கோழியோடு கலக்காமல் பாதியைச் சோற்றின்மேல் தூவிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆயினும் அடிச்சோறு குழைவதும் மேல்சோறு கடிபடுவதும் சூட்டினால் மட்டும் நேர்வதில்லை. கோழியைத் தொட்டிருக்கும் சோறு அதன் சாற்றையும் குடித்து வேகிறது, மேலே இருப்பதற்கு ஆவி மட்டுமே கிடைக்கிறது. அப்படியிருக்க, இரண்டையும் ஒரே வேக்காட்டில் எடுத்தால் எப்படி ஒன்றுபோல் வரும்? நான் ஒரே உலையிலிருந்து இரண்டு முறையாக அள்ளுகிறேன். ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்கும்போது நடுவில் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளை தெளிவாகத் தெரிந்தால் அது அடி அடுக்குக்கு. ஓரிரு நிமிடம் கழித்து, அந்தக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கியதும் எஞ்சியதை மேல் அடுக்குக்கு எடுப்பேன். அதற்குமேல் ஒரு நொடியும் உலையில் விட்டுவைக்கக்கூடாது.

உலைநீரில் உப்பு, குழம்பில் இருப்பதைவிடத் தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி உள்ளே வாங்குவது அதில் சிறு பங்கைத்தான்.

மூன்றாம் மறுமொழி:

இரு கருத்துகளும் சரியானவையே. ஆனால் விருந்தினர் வரும் நாளில் கச்சி முறையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கை பழகும்வரை, கோழியை மசாலாவோடு தனியே வேகவைத்து, தொக்கு கெட்டியானபின் சோற்றை அடுக்கும் பக்கி முறையில் செய்யுங்கள். அதில் கறி வெந்திருக்கிறதா என்ற அச்சமே இல்லை. தம்மும் 15 நிமிடம் போதும். கச்சியில் சோற்றுக்குள் இறங்கும் அந்த இறைச்சி மணம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான்.

எலும்பருகே தெரிந்த இளஞ்சிவப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம், நன்கு வெந்த கறியிலும் அப்படியே தங்கக்கூடும். எனவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. சமையல் வெப்பமானியைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் செருகிப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் கறி உண்ணத் தகுந்தது. தொடைத் துண்டுகளை எலும்புவரை கீறி ஊறவைத்தால் மசாலாவும் சூடும் விரைவாக உள்ளே செல்லும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று எங்கள் வீட்டாருக்கு மட்டும் என்பதால் கச்சி முறையிலேயே, சோற்றை இரண்டு வேக்காட்டில் எடுத்துச் செய்தேன். பெருந்தீயில் ஒன்பதாவது நிமிடம் மூடியில் தெளித்த சொட்டு சுருங்கியது. உடனே தோசைக்கல்லுக்கு மாற்றினேன். கத்தியால் மாவைக் கீறி மூடியைத் தூக்கியபோது புதினாவும் நெய்யும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. மேல் சோறு பருக்கை பருக்கையாக நின்றது. வெப்பமானி 86 காட்டியது. அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மசாலா சிவந்து பிடித்திருந்தது, கருகவில்லை. அதைச் சுரண்டித் தின்னப் பிள்ளைகள் போட்டியிட்டார்கள். உலைநீரில் உப்பை இன்னும் அஞ்சியே போட்டிருக்கிறேன் என்று தெரிகிறது. அடுத்த முறை அரைக் கரண்டி கூட்டிப் போடுவேன்.