மறுஜென்மத்துக்கு மாற்றுச்சொல்

ஈசூன் (சிங்கப்பூர்), மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், எங்கள் சபையின் திடப்படுத்தல் வகுப்புக்கான (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யப் படிக்கும் வகுப்பு) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேதாகமத்தில் தீத்து 3:5இல் வரும் 'மறுஜென்ம முழுக்கு' என்பதை வாசிக்கும் பிள்ளைகள், இறந்தபின் வேறோர் உடலெடுப்பது என்றே அதற்குப் பொருள் கொள்கிறார்கள். இந்த வாழ்விலேயே, ஒரே முறை, பரிசுத்த ஆவியால் நிகழும் பிறப்பை எப்படிச் சொல்வது?

பிடோக், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'மறுபிறப்பு' என்றாலும் அதே இடர்தான்; 'எழுபிறப்பும்' என்று குறளே நம் காதைப் பழக்கியிருக்கிறது. அன்றியும் 'மறு' பெயராக நின்றால் குற்றம், நிலவின் களங்கம் என்றாகும். 'மீள்பிறப்பு' நல்ல வினைத்தொகை. மீள் என்பதன் பிறவினையிலிருந்தே மீட்பு பிறந்ததால், பிறப்பும் இரட்சிப்பும் ஒரே வேரில் நிற்கும். 'இருபிறப்பு' மட்டும் வேண்டாம்; திருமுருகாற்றுப்படையின் 'இருபிறப்பாளர்' அந்தணர்.

உட்லண்ட்ஸ், ஞாயிறுபள்ளி ஆசிரியை:
ஐயா, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு அந்த வேர் தெரியாது. 'மீள்' அவர்களுக்குத் திரும்ப நிகழ்வதையே உணர்த்தும். 2 கொரிந்தியர் 5:17இல் 'புதுச்சிருஷ்டி' என்று மனப்பாடமாகச் சொல்கிறார்களே, அதையொட்டிப் 'புதுப்பிறப்பு' எனலாம்.

தேக்கா, இறையியல் மாணவர்:
அம்மா, ஒருவன் மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொல்லும் யோவான் 3:3இன் கிரேக்கச் சொல்லாகிய 'அனோதென்' மறுபடியும் என்றும் மேலிருந்து என்றும் இருபொருள் படும். அதைக் கேட்ட நிக்கொதேமு முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டுதான், தாயின் கர்ப்பத்தில் மறுபடியும் புகுந்து பிறக்கக் கூடுமோ என்று கேட்கிறான். 'புதுப்பிறப்பு' என்றால் மனிதன் தானே முயன்று திருந்தியதாகவும் கொள்ளலாம். எபேசியர் 2:8 'இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு' என்கிறது. கிருபையை விட்டுவிட்ட சொல் பாதிச் சொல். ஆகவே 'மேற்பிறப்பு'.

பிடோக்:
'மேற்பிறந்தா ராயினும் கல்லாதார்' என்ற 409ஆம் குறளை நினைத்துப் பாருங்கள். மேற்பிறப்பு உயர்குலப் பிறப்பாகிவிடும். சாதிப்பெருமைக்கு இடங்கொடுக்கும் சொல்லைக் கிருபைக்குச் சூட்ட நான் ஒருபோதும் இசையேன்.

தேக்கா:
அந்தத் தடையை ஏற்கிறேன். அப்படியானால் 'அருட்பிறப்பு'.

உட்லண்ட்ஸ்:
அருள் கத்தோலிக்கருக்குப் பழகிய சொல். எங்கள் பிள்ளைகள் கிருபை என்றே ஜெபிக்கிறார்கள்.

பிடோக்:
அருள் சங்க இலக்கியத்திலேயே உள்ள சொல். எந்தச் சபைக்கும் தனியுரிமை இல்லை. மீள்பிறப்பையும் நான் கைவிடவில்லை.

ஈசூன்:
நாளை காலை அச்சகம் கேட்கிறது. ஒருமனப்படாததால், உட்லண்ட்ஸ் ஆசிரியை சொன்ன 'புதுப்பிறப்பு' என்பதையே இடுகிறேன்.

தேக்கா:
இடுங்கள், ஆனால் 'தேவன் தரும் புதுப்பிறப்பு' என்று முதல் இடத்திலாவது எழுதுங்கள். தருபவரைச் சொல்லாத கையேட்டுக்கு நான் உடன்பட்டதாகக் கொள்ள வேண்டாம்.