செயின்ட் லூசியா முகத்துவாரத்த ஏன் வெட்டி விட மாட்டேங்குறாங்க?

கரும்புக்காட்டுப்_பேத்தி:
வணக்கம். போன வாரம் டர்பன்லருந்து பிள்ளைகள கூட்டிட்டு இங்க தென்னாப்பிரிக்காவுல இருக்குற செயின்ட் லூசியா ஏரிக்குப் போனோம், போட்ல போறப்ப நீர்யானைக் கூட்டத்த பாத்து சின்னவன் ஒரே கூச்சல். ஆனா ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல மணல் மேடு தட்டி மூடிக்கெடக்கு. எங்க தாத்தா எம்டுபாடுபா பக்கம் கரும்பு வெட்டுனவரு, மூடுனா மிஷின் வச்சு வெட்டிருவாங்கன்னு சொல்லுவாரு. இப்ப ஏன் விட்டு வச்சிருக்காங்க? இறால், மீன் குஞ்செல்லாம் கடல்லருந்து உள்ள வரணும்ல?

நாணல்:
தாத்தா சொன்னது நெசம்தாம்மா, ஆனா அந்த வேலையிலதான் ஏரி கெட்டுச்சு. உம்ஃபொலோசி ஆத்துச் சமவெளி முன்னாடி கோரையும் நாணலுமா கெடந்த சதுப்பு, வண்டல அதுவே புடிச்சு வச்சுக்கும். அத வடிச்சு கரும்பு போட்டு ஆத்த நேரா கால்வாய் மாதிரி ஆக்குனதும் சேறெல்லாம் நேரா முகத்துவாரத்துக்கு வந்து அடைச்சிருச்சு. அதனால 1952ல ஆத்தையே பிரிச்சு தனியா கடல்ல விட்டாங்க. ஏரிக்கு நல்ல தண்ணி கொடுத்ததுல பெரிய ஆறு அதுதான்! ஏரி சராசரியா ஒரு மீட்டர் ஆழம்தான், ஆறு இல்லாம வெயில் எப்படித் தாங்கும்? 2002ல முகத்துவாரம் மூடுச்சு, மழையும் பொய்க்க, 2006ல 90 சதவீதத்துக்கு மேல வத்திப்போச்சு, மிச்சம் இருந்த தண்ணி கடலவிட உப்பு. 2012லருந்துதான் ஆத்த திரும்ப சேக்குற வேல. தண்ணி ஏறி தானா ஒடச்சுக்கிட்டு போனா அந்த வேகத்துல சேறும் போகும், நாம அவசரப்பட்டு வெட்டுனா மட்டம் எறங்கி கடல் மணல் உள்ள வந்துரும்.

எம்டுபாடுபா_மருமகன்:
அண்ணே, நீங்க சொல்றது சரி, ஆனா முகத்துவாரம் மூடி, எங்க மாமனார் வயல்ல முட்டியளவு தண்ணி நின்னு கரும்பு அழுகுனப்ப பாத்தவன் நான். 2021 ஜனவரியில வெட்டுனப்ப நாங்க நிம்மதியாத்தான் மூச்சு விட்டோம்.

நாணல்:
புரியுதுப்பா தம்பி, அந்த நஷ்டம் சின்னதில்ல. தாழ்வான வயல சதுப்புக்கே திருப்பி விட்டு, விவசாயிக்கு நியாயமான வெலை கொடுக்கணும். வருஷா வருஷம் முகத்துவாரத்த வெட்டுறது உங்களையும் காப்பாத்தாது.

டர்பன்_செல்வி:
யாரும் எம்ஃபபேனி சதுப்பு பத்தி சொல்லலையே! ஏரிக்கு கெழக்க மணல்மேட்டுக்கும் ஏரிக்கும் நடுவுல, மக்காத செடி படிஞ்சு படிஞ்சு பீட்டுன்னு சொல்ற கறுப்புச் சேறு, சுமார் 45,000 வருஷமா சேர்ந்தது. மழைத் தண்ணிய உறிஞ்சி வச்சு, வறட்சியில ஏரியோரம் கசிய விடும், மீனும் தவளையும் அங்கதான் ஒதுங்கும். அந்தப் பக்கம் பைன் மரம் நட்டு நெலத்தடித் தண்ணிய உறிஞ்ச விட்டாங்க, இப்ப பைன வெட்டி எடுத்தாச்சு, பழைய புல்வெளி திரும்புது. மணல்மேட்டுல சுரங்கம் தோண்டவும் பாத்தாங்க, சனங்க எதிர்ப்புல 1996ல அரசு வேணாம்னுருச்சு, 1999ல உலகப் பாரம்பரியத் தலமாச்சு.

கரும்புக்காட்டுப்_பேத்தி:
அந்தச் சேத்த பாக்க முடியுமா அக்கா?

டர்பன்_செல்வி:
கேப் விடல் போற ரோட்டுல மெதுவா போ, எடது பக்கமும் வலது பக்கமும் பாரு. கார விட்டு எறங்காத, சிறுத்தை இருக்கு.