வொர்க்ஸ்டேஷன் பிராசசருக்கு 'பட்டறைச் செயலி': என் பக்க நியாயம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று நாளாக இந்த மடல் இழையை விடாமல் படித்து வருகிறேன். இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது சின்னக் கேள்விதான். கணினி வாங்கப் போகும் பொறியியல் மாணவர்களுக்காக அவர் எழுதும் கையேட்டில், எல்லோரும் வாங்கும் மேசைக்கணினியில் இருக்கும் மெயின்ஸ்ட்ரீம் டெஸ்க்டாப் பிராசசர், பாரமான தொழில் வேலைக்கான கணினியில் இருக்கும் வொர்க்ஸ்டேஷன் பிராசசர் இரண்டையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது? உயர்திறன் செயலி, பெருஞ்செயலி, பணிநிலையச் செயலி, பணிமனைச் செயலி என்று நான்கு சொல் வந்துவிட்டது. நான்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. தக்கலையில் இருபது வருடமாகக் கணினி கூட்டிக் கொடுத்து வருகிறேன். ஒரு தப்பான சொல் எவ்வளவு செலவு வைக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'உயர்திறன் செயலி' என்றால் விளக்கமே வேண்டாம். படித்ததும் புரிந்துவிடும்.

படித்ததும் புரியும், தப்பாகப் புரியும். போன வருடம் மார்த்தாண்டம் பக்கமிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். வெளியூரில் ஒரு கடையில் பழைய வொர்க்ஸ்டேஷன் பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். 14 உள்ளகம் (கோர், செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 28 இழை (த்ரெட், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), 64 ஜிபி நினைவகம். விற்றவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இது சாதா பிராசசர் இல்ல தம்பி, பெரிய பிராசசர்." வீட்டுக்குக் கொண்டுவந்து, கேமராவில் எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிவான வீடியோ கோப்பை எடிட்டிங் மென்பொருளில் போட்டிருக்கிறார். கெட்டிமேளம் விடாமல் கேட்கிறது, படத்தில் மாப்பிள்ளை கை தாலியோடு பாதி வழியில் அப்படியே நிற்கிறது. அப்புறம் ஒரு குதி குதித்து முடிச்சுப் போட்ட இடத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் உள்ளதைப் பார்த்து வெட்ட வழியில்லை.

என் மேசையில் கோர் ஐ5-12400 என்ற சாதாரண மேசைக்கணினிச் செயலி போட்ட ஒரு கணினி இருந்தது. 6 உள்ளகம்தான். அதே கோப்பை அதில் போட்டுக் காட்டினேன். தடங்கல் இல்லாமல் ஓடியது. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

காரணம் எளிது. அந்தப் பழைய செயலியின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், முட்டி மோதினாலும் 3.3ஐத் தாண்டாது. ஐ5 4.4 வரை போகும். புதிய தலைமுறை என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை முடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், எச்.265 கோப்பை விரிப்பதற்கென்றே ஐ5-க்குள் இருக்கும் வரைகலைப் பகுதியில் தனிச் சுற்று உண்டு. பழைய செயலியில் வரைகலைப் பகுதியே கிடையாது. எல்லாவற்றையும் உள்ளகங்களே உட்கார்ந்து விரிக்க வேண்டும். 'உயர்திறன்' என்று நாம் பெயர் வைத்தால், அந்தக் கடைக்காரர் சொன்ன வாக்கியத்தை நாமே அச்சடித்துக் கையேட்டில் போடுகிறோம். 'பெருஞ்செயலி'க்கும் இதே குறைதான்.

உள்ளகம் கூடக்கூட வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்குக் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967-லேயே பதில் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கைப் பகிர்ந்து செய்யலாம், ஒரு பங்கை ஒருவர்தான் செய்ய முடியும் என்று வையுங்கள். 16 உள்ளகம் இருந்தால் அந்த வேலை 6.4 மடங்கு விரைவாக முடியும். 64 உள்ளகம் போட்டால் 8.8 மடங்கு. உள்ளகம் நான்கு மடங்கானது, கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. எத்தனை ஆயிரம் உள்ளகம் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. நம் மாணவர்கள் தினமும் செய்கிற நிரல் எழுதுவது, வரைபடம் போடுவது, விளையாடுவது எல்லாம் அந்த ஒற்றைப் பங்கில்தான் காத்துக் கிடக்கின்றன.

அப்படியானால் வொர்க்ஸ்டேஷன் செயலிக்கு ஏன் அவ்வளவு பணம்? இதைப் புரிந்துகொண்டால்தான் பெயர் சரியாக விழும். எத்தனை பாரத்தை, எத்தனை நேரம், எவ்வளவு பிழையில்லாமல் தாங்கும் என்பதற்குத்தான் அந்தப் பணம்.

நாஞ்சில் நாட்டில் வயல் உள்ளவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். குளம் நிரம்பிக் கிடந்தாலும் மடை விடுகிற அளவுதான் வயலுக்குத் தண்ணீர். நினைவகம் குளம், உள்ளகங்கள் வயல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெமரி சேனலுக்கு 'மடை' என்ற சொல்லையே வைத்துவிடலாம் என்பது என் ஆசை. ஏஎம்டி நிறுவனத்தின் மேசைக்கணினிச் செயலியான ரைசன் 9 7950எக்ஸுக்கு இரண்டு மடை. நொடிக்கு 5200 மில்லியன் முறை தரவு மாற்றும் டிடிஆர்5-5200 நினைவகம் போட்டால் ஒரு மடையில் நொடிக்கு 41.6 ஜிபி, இரண்டிலும் சேர்த்து 83 ஜிபி வரும். அதே நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன் செயலியான திரெட்ரிப்பர் புரோ 7995டபிள்யூஎக்ஸுக்கு எட்டு மடை, நொடிக்கு சுமார் 333 ஜிபி. அதில் 96 உள்ளகம் இருப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எட்டு மடை இல்லாமல் 96 வயலுக்குத் தண்ணீர் பாயாது என்பதை யாரும் பேசுவதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 7950எக்ஸ் உட்காரும் பலகையில் (மதர்போர்டு) நான்கு நினைவகப் பட்டையையும் குத்தினால், தயாரிப்பாளர் உறுதி தரும் வேகம் 5200-லிருந்து 3600-க்கு இறங்கிவிடும். நிறையக் கொள்ளளவு வேண்டும் என்று நான்கு பட்டை போட்டவர்கள் "முன்பைவிட மெதுவாக இருக்கிறதே" என்று வந்து நிற்பார்கள். மேசைக்கணினிச் செயலியின் எல்லை அங்கே இருக்கிறது.

அடுத்தது தடம் (பிசிஐஇ லேன்). வரைகலை அட்டையும் வேகச் சேமிப்பகமும் செயலியோடு பேசும் வழி அது. 7950எக்ஸில் நம் கைக்குக் கிடைப்பது 24 தடம். ஒரு வரைகலை அட்டைக்கு 16, இரண்டு சேமிப்பகத்துக்கு 8, அதோடு தீர்ந்தது. இரண்டாவது வரைகலை அட்டை வேண்டுமென்றால் முதல் அட்டையிடமிருந்து பாதியைப் பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். திரெட்ரிப்பர் புரோ 7000 வரிசையில் 128 தடம். நாகர்கோவிலில் ட்ரோன் படங்களிலிருந்து நில மாதிரி செய்யும் பொறியாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருக்கு 128 ஜிபி நினைவகமும் நிரம்பி, ராத்திரி முழுக்க ஓடிய வேலை விடியற்காலையில் அறுந்துபோகும். அவரிடம் மேசைச் செயலி போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு நினைவகப் பிழைதிருத்தம் (இசிசி). வழக்கமான ஏற்பாட்டில் 64 பிட் தரவோடு 8 பிட் காவலாகக் கூடவே போகும். ஒரு பிட் புரண்டால் சரிசெய்துவிடும், இரண்டு புரண்டால் எச்சரிக்கும். கணித அறிஞர் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட கணக்கின் வழியில் வந்த ஏற்பாடு இது. கல்யாணப் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. உத்திரத்தின் பாரக் கணக்கில் ஓர் எண் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பிழைதிருத்தத்தை மட்டும் வைத்து இரண்டு வகையையும் பிரிக்க முடியாது. பலகை இடம் கொடுத்தால் சில மேசைச் செயலிகளிலும் அது வேலை செய்யும். டிடிஆர்5 பட்டைகள் எல்லாவற்றிலும் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டு. சில்லிலிருந்து செயலி வரை உள்ள வழிக்கு அது காவல் இல்லை. இதைக் கையேட்டில் தனியாக எழுதச் சொல்லித் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். திரெட்ரிப்பர் 7000-க்குப் பதிவு நினைவகம் (ரெஜிஸ்டர்டு மெமரி) என்ற தனி வகைதான் பொருந்தும், வீட்டிலிருக்கும் பழைய பட்டை சேராது என்பதையும் எழுத வேண்டும். மின்சாரத்தையும் விட வேண்டாம். அந்தச் செயலி மட்டுமே 350 வாட் குடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்து, மழையில் கரண்ட் போய்வரும் நம் மாவட்டத்தில், வீட்டில் கிடக்கும் சின்ன யுபிஎஸ்ஸை நம்பி அதை ஓட்ட முடியாது.

இனி பெயருக்கு வருவோம்.

> 'பணிநிலையம்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான், ஐயா. ஆனால் தமிழில் நிலையம் என்றால் பத்துப் பேர் வந்து போகிற இடம்: பேருந்து நிலையம், காவல் நிலையம், அஞ்சல் நிலையம். வொர்க்ஸ்டேஷன் பிறந்த கதை இதற்கு நேர் எதிர். பெரிய கணினி ஒன்றைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்திய காலம் போய், ஒரு பொறியாளருக்கு அவர் மேசையிலேயே முழு பலமுள்ள ஓர் இயந்திரம் என்று வந்தது அது. சன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் 1982-இல் தொடங்கி விற்றது அதைத்தான். 'பணிமனை' இன்னும் சிக்கல். நாகர்கோவில்காரரிடம் பணிமனை என்று சொல்லுங்கள், அரசுப் பேருந்துப் பணிமனை இருக்கும் ராணித்தோட்டம்தான் நினைவுக்கு வரும், பேருந்துதான் கண்ணில் தெரியும்.

நான் சொல்வது பட்டறை. கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, லேத் பட்டறை. தொழில் தெரிந்த ஒருவர், நாள் முழுக்க, பாரமான வேலையை, அளவு தவறாமல் செய்யும் இடம். பட்டறை என்ற சொல்லில் வேகம் இல்லை, பெருமை இல்லை. தாங்கும் பலமும் பிழையில்லாத வேலையும் இருக்கிறது. நமக்கு வேண்டியது இதுதானே.

போன வாரம் இதைச் சோதித்தும் பார்த்தேன். வடசேரியில் கோவில் நகை செய்யும் ஆசாரி ஒருவர் மகனுடைய கணினியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பேச்சுவாக்கில், "மேசைச் செயலி என்று ஒன்று, பட்டறைச் செயலி என்று ஒன்று, உங்க மகனுக்கு எது வேணும்?" என்று கேட்டேன். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் யோசித்தார். விரல் நுனியில் அரக்குக் கறை அப்படியே இருந்தது. "அப்பம் பட்டறைன்னா அது தொழில் செய்யவனுக்கு உள்ளதாக்கும். பய படிக்கத்தானே செய்யான், அவனுக்கு மற்றது போதும்" என்றார். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மகன் முதலாண்டு படிக்கிறான், அவனுக்கு அதுதான் சரி. அதே கேள்வியை 'உயர்திறன் செயலி' என்று கேட்டிருந்தால், கடன் வாங்கியாவது மகனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். எந்த அப்பா மகனுக்குத் திறன் குறைந்ததை வாங்குவார்?

> பட்டறை என்றால் இன்று பயிற்சிப் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது.

படித்தவர்களுக்கு வரலாம். அது ஆங்கிலச் சொல்லைப் பார்த்து நாம் பின்னால் ஏற்றிய பொருள். அதற்குப் பயிலரங்கு என்ற நல்ல சொல் தனியாக இருக்கிறது. வெல்டிங் பட்டறைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், சான்றிதழ் வாங்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை.

மெயின்ஸ்ட்ரீமுக்கு 'மைய நீரோட்டச் செயலி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. நம் மொழியில் எல்லோரும் பயன்படுத்துவதற்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. வண்டி என்றால் வண்டி, பாரம் ஏற்றுவதற்குத்தான் பாரவண்டி. 'பொதுச்செயலி' என்றும் வைக்க முடியாது. எல்லா வகை வேலையும் செய்யும் செயலி என்ற பொருளில் பொதுநோக்குச் செயலி என்பது வேறு ஒன்று. மேசைக்கணினி ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். அதிலிருந்து 'மேசைச் செயலி' எடுத்துக்கொள்வோம்.

இதில் ஒரு நியாயமான தடையை இந்த இழையில் ஓர் அக்கா எழுப்பியிருந்தார். கைபேசியில் நிறுவும் ஆப்-க்கும் செய்தித்தாள்கள் செயலி என்றே எழுதுகின்றன. 'மேசைச் செயலி' என்றால் மேசைக்கணினியில் ஓடும் ஆப் என்று படிக்க மாட்டார்களா? படிப்பார்கள், அக்கா. இந்தச் சண்டையில் நாம் தோற்று வருடங்கள் ஆகிவிட்டன. பாடநூலில் வரும் 'மையச் செயலகம்' இங்கே உதவாது. செயலகம் என்றால் கோட்டை நினைவுதான் வரும். அதனால் முதல் முறை வரும்போது 'மேசை நுண்செயலி', 'பட்டறை நுண்செயலி' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு செயலி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

மடைக்கும் ஒரு மறுப்பு வந்திருக்கிறது: 'இருமடை' என்று எழுதினால் இருமடங்கு என்று படித்துவிடுவார்கள் என்று. சரிதான். 'இரண்டு மடை', 'எட்டு மடை' என்று பிரித்தே எழுதுவோம்.

சொல் தொகுப்பில் சேர்க்க நான் எழுதியது இது. வெட்டித் திருத்துங்கள்:

பட்டறை நுண்செயலி: பல நினைவக மடைகளும் பல தடங்களும் பிழைதிருத்து நினைவகமும் கொண்டு, நீண்ட நேரம் ஓடும் பாரமான வேலைகளைத் தாங்கும் செயலி. ஒற்றை இழை வேலையில் மேசை நுண்செயலியைவிட மெதுவாகவும் இருக்கலாம்.

கடைசி வாக்கியத்தை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்த்தாண்டம் தம்பி அதைப் படித்திருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும்.

கோர் என்பதற்கு இந்த மடல் முழுக்க 'உள்ளகம்' என்று எழுதியிருக்கிறேன். 'கரு' என்றே போதும் என்பவர்கள் இருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். குலசேகரம், கொளச்சல் பக்கம் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் இந்த இரண்டு சொல்லையும் விளக்கம் சொல்லாமல் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே அடுத்த ஞாயிறுக்குள் இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து