இரட்டை ஊசித் தையல்: முன்பக்கம் சரி, பின்பக்கம் கோணல். எங்கே தப்பு?

கேள்வி:
கையால் தோல் தைக்கும் ஆரம்ப வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது தைப்பது ஒரு சின்ன அட்டை உறை, இரட்டை ஊசித் தையலில்: ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைப்பது. 1.5 மி.மீ. தோல், இரண்டு அடுக்கு. துளைக்குத் துளை 4 மி.மீ., நூல் 0.8 மி.மீ. மெழுகு பூசிய பாலியெஸ்டர். முன்பக்கத் தையல் ஒரே சாய்வாக அழகாக விழுகிறது. திருப்பினால் சில தையல் சாய்ந்தும் சில நேராகவும் கிடக்கின்றன. கோடும் ஓரிடத்தில் ஓரத்தை நோக்கி இறங்குகிறது. இரண்டு முறை பிரித்துத் தைத்தும் அப்படியேதான் வருகிறது. அடுத்த வாரம் பர்ஸ் தொடங்குகிறோம், அதற்குள் இது கைக்கு வர வேண்டும்.

பதில் 1:
நீங்கள் சொல்வது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. கோடு இறங்குவது துளை போடும்போது வந்த தப்பு. சாய்வு மாறுவது தைக்கும்போது வருவது. நூலைப் பிரித்துவிட்டுப் பின்பக்கத் துளைகளின்மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். துளைகளே கோட்டை விட்டு விலகியிருந்தால் எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் சரியாகாது.

பதில் 2:
உட்கார்ந்து துளை போடும்போது பல் உளி (வரிசையான பற்களால் தோலில் துளை போடும் கருவி) நம் பக்கம் சாய்வது நமக்கே தெரியாது. பக்கவாட்டிலிருந்து, கண் மட்டத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு அடியுங்கள். நகர்த்தும்போது உளியின் முதல் பல் கடைசித் துளைக்குள்ளேயே இருக்கட்டும், இடைவெளி மாறாது.

கேட்டவர்:
பார்த்தேன். இறங்கும் இடத்தில் துளைகளே விலகியிருக்கின்றன. மற்ற இடங்களில் துளை நேராக இருந்தும் சாய்வு மாறுகிறதே?

பதில் 1:
அங்கே ஊசியின் வரிசை மாறியிருக்கும். துளை என்பது ஒரு சாய்ந்த கீறல். இரண்டு நூலில் எது அதன் மேல் முனையில், எது கீழ் முனையில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் தையல் சாயும் அல்லது நேராக நிற்கும். அதனால் எல்லாத் துளையிலும் முதலில் போவது ஒரே பக்கத்து ஊசியாக இருக்க வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எப்போதும் ஒரே பக்கமாகவே நுழைய வேண்டும். நுழைக்கும்போது முதல் நூலை லேசாக இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஊசி நூலையே குத்திவிட்டது, உடனே வெளியே எடுங்கள். அப்புறம், இரண்டாவது ஊசியின்மேல் நூலை ஒரு சுற்றுப் போட வகுப்பில் சொல்லித் தந்தார்களா? போட்டால் எல்லாத் தையலிலும் போட வேண்டும்.

கேட்டவர்:
அதுதான்! சொல்லித் தந்தார்கள், நான் பாதி இடங்களில் மறந்திருக்கிறேன். வீணான தோல் துண்டில் புதிதாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்கும் "முதல் ஊசி, இரண்டாவது, சுற்று, இழு" என்று வாய்விட்டுச் சொல்லியே இருபது தையல் போட்டேன். பின்பக்கம் முழுக்க ஒரே மாதிரி வந்திருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். பர்ஸுக்கு நூல் எவ்வளவு வெட்டட்டும்?

பதில் 2:
ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு ஊசியும் 4 மி.மீ. நீளமும் 3 மி.மீ. தடிமனும் கடக்கின்றன, ஆக 14 மி.மீ. அதாவது தைக்கும் நீளத்தைப் போல மூன்றரை மடங்கு. நான்கு மடங்காக வைத்து, ஊசி கோர்க்க இரு முனையிலும் ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள்.