ராஜ்தூத் 350: வலது சிலிண்டர் டைமிங் ஏன் முன்னால் ஓடுகிறது?

அண்ணன்மாரே, பைக் 1985 மாடல், இன்னும் ஒரிஜினல் பாயிண்ட் செட்தான் (திறக்கும்போது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் கான்டாக்ட்; அந்த நேரம்தான் டைமிங்). பாயிண்ட் இடைவெளி 0.35 மி.மீ. வைத்து, பிளக் துளையில் டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வை அளக்கும் கருவி) மாட்டி, இரண்டு சிலிண்டரின் பாயிண்ட்டும் பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் திறக்கும்படி செட் பண்ணினேன். பாயிண்ட் திறப்பதை மல்டிமீட்டர் வைத்தும் பார்த்தேன், சரியாக இருந்தது.

நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் இடது அப்படியே இருக்கிறது, வலது மட்டும் 2.4 மி.மீ. முன்னாலேயே திறக்கிறது. பாயிண்ட்டைத் திறக்கும் ஃபைபர் துண்டு தேய்ந்திருந்தால் இடைவெளி குறைந்து டைமிங் பின்னால் அல்லவா போகணும்? பாயிண்ட் முகமும் கருகவில்லை, பிளேட் ஸ்க்ரூவும் இறுக்கம்தான். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங் ஆட்டமாக இருக்குமோ? இன்ஜினைப் பிரிக்காமல் அதை எப்படி உறுதிப்படுத்துவது? தீப்பொறி இப்படி முன்னதாகவே விழுந்தால் சூடேறி பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயந்து வண்டியை எடுக்கவே இல்லை. இதே தொல்லையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.