கரமடி இழுக்கும் கைகள்: தசை தெரிகிறது, வலு தெரியவில்லை

அலைக்கோடு (குளச்சல்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடற்கரையில் கரமடி (கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய மீன்வலை) இழுப்பவர்களைப் பற்றி ஒரு படக்கதை வரைந்து வருகிறேன். நிழற்படம் போன்ற துல்லியம் எனக்கு வேண்டாம். தடித்த கோடுகளும் சற்றே மிகைப்படுத்திய உடல்வாகும் கொண்ட பாணியையே விரும்புகிறேன். உடற்கூறு நூலைப் பார்த்து ஒவ்வொரு தசையையும் மனப்பாடம் செய்து வரைந்தாலும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை மரச்சீனிக் கிழங்குகளை அடுக்கி வைத்ததுபோலத்தான் கை அமைகிறது. கயிறு பிடிக்கும் என் சித்தப்பாவின் கையில் இத்தனை புடைப்புகள் இல்லை. ஆனால் அவர் கையில் உள்ள வலு என் படத்தில் இல்லை. நான் எதை விட வேண்டும், எதை மிகைப்படுத்த வேண்டும்?

சாய்கோடு (நாகர்கோவில்):
நீங்கள் இணைத்துள்ள படத்தில் கை ஏறத்தாழ நேராக நீண்டிருக்கிறது. ஆனால் மேல்கையில் பைசெப்ஸ் பந்துபோல உருண்டு நிற்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முழங்கை மடங்கும்போது அந்தத் தசை குறுகித் திரளும். கை நீண்டிருக்கும்போது அதுவும் நீண்டு, தட்டையாகவே இருக்கும். அதோடு, உள்ளங்கை கீழ்நோக்கியபடி கயிற்றைப் பிடிக்கும் நிலையில் பைசெப்ஸால் முழு ஆற்றலோடு இழுக்க இயலாது. அதன் அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் தசையும், முழங்கைக்குச் சற்று மேலே தொடங்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வரை ஓடும் தசையும் பெரும்பங்கு சுமையை ஏற்கின்றன. விரல்களை இறுக மடக்கும் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. ஆகவே கயிறு இழுப்பவரை வரையும்போது மேல்கையை அடக்கி, முன்கையை மிகைப்படுத்துங்கள். (பைசெப்ஸைப் பெரிதாக்கும் பழக்கம் உடற்பயிற்சிக்கூடச் சுவரொட்டிகளைப் பார்த்து நமக்கு வந்தது என்பது என் எண்ணம்.)

இன்னொன்றையும் கவனியுங்கள். கையின் இரு பக்கப் புடைப்புகளையும் ஒரே உயரத்தில் வைத்தால், உடுக்கைகளைக் கோத்ததுபோல் ஆகிவிடும். உள்ளங்கை முன்னோக்கி இருக்கும் நிலையில் முன்கையின் வெளிப்புற வளைவு உயரத்திலும், உட்புற வளைவு அதற்குக் கீழேயும் அமையும். ஒரு பக்கத்துக்கு வளைகோடு கொடுத்தால், எதிர்ப்பக்கத்துக்கு நேர்கோட்டுக்கு நெருங்கிய கோடு கொடுத்துப் பாருங்கள்.

உளிமகன் (மயிலாடி):
மேலே ஐயா சொன்னது சரியே; ஆனாலும் தசையைப் பிரித்துக் காட்டினால்தான் வலு வரும் என்று தங்கை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கல் வேலையில் எங்கள் வழி வேறு. மேல்கைக்கு யானைத் துதிக்கையையும், முன்கைக்கு இளவாழைத் தண்டையும் உவமையாக வைத்துக்கொண்டு, தோளிலிருந்து விரல் வரை இழை அறாமல் வடிவத்தை இறக்குவோம். கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் வள்ளுவரைப் பாருங்கள். பீடம் நீங்கலாகச் சிலை மட்டும் 95 அடி. மார்பிலும் கையிலும் தசைகளைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. ஆனால் உயர்த்திய வலக்கையைப் பலவீனமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் மிகைப்படுத்தல் அளவில்தான் தொடங்குகிறது. உடலின் உயரத்தை 108 பங்காக வகுப்பது நவதாளம், 124 பங்காக வகுப்பது உத்தம தசதாளம். எந்த உருவத்துக்கு எந்த அளவு என்பதை உளியை எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுவோம். உங்கள் சித்தப்பாவுக்கும் அப்படி ஓர் அளவை நிறுத்திக்கொண்டு, கதை முடியும் வரை மாற்றாதீர்கள்.

சாய்கோடு (நாகர்கோவில்):
அளவு பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சிற்பம் நிலைத்து நிற்பது. படக்கதையில் அதே கை அடுத்த கட்டத்தில் முறுக்கித் திரும்பியாக வேண்டும். தசை எங்கே தொடங்கி எங்கே பற்றுகிறது என்று தெரியாமல் துதிக்கையை மட்டும் நம்பினால், திரும்பிய கை ரப்பர் குழாய் ஆகிவிடும்.

வர்மவழி (தக்கலை):
அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைப் பயில்பவன் என்ற வகையில் ஒரு சிறு செய்தி. முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வரை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பின் விளிம்பு தொடர்ந்து தட்டுப்படும். அதன் ஒரு பக்கம் விரல்களை மடக்கும் தசைகள், மறுபக்கம் நிமிர்த்தும் தசைகள். முன்கைக்குள் ஒரே ஒரு கோடு போட இடமிருந்தால், அந்த விளிம்பைப் போடுங்கள். மேலும், கரமடி இழுப்பவர் கையால் மட்டும் இழுப்பதில்லை. பின்னால் சாய்ந்து, உடலின் எடையைக் கயிற்றில் ஏற்றி, காலால் தள்ளுகிறார். உடல் நிமிர்ந்து நின்றால் எந்தக் கையும் வலுவாகத் தோன்றாது.

அலைக்கோடு (குளச்சல்):
மூவருக்கும் நன்றி. மேல்கைக்குள் இருந்த கோடுகள் அனைத்தையும் அழித்துவிட்டு, முன்கையில் எலும்பு விளிம்பை மட்டும் வைத்து, உடலைப் பின்னால் சாய்த்து மீண்டும் வரைந்தேன், கிழங்குகள் போய்விட்டன. சித்தப்பாவிடம் காட்டியபோது கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குதிகால் மணலில் இன்னும் கொஞ்சம் புதைய வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.